‘பெண்’ என்பதை விடுங்கள், ‘தனியாக’ என்பதைப் பேசுவோம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற மாதம் உங்கள் ஞாயிறு இணைப்பில் ஒரு பெண் தனியாகத் தென்னாப்பிரிக்கா போய், கேப் டவுனில் மேசை மலை ஏறி, கடற்கரையெல்லாம் சுற்றிவிட்டு வந்த கட்டுரை வந்திருந்தது. அடுத்த வாரமே அதற்கு இரண்டு கடிதங்கள். ஒருவர் ‘வீர மங்கை’ என்று தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியிருந்தார். இன்னொருவர், பாவம், பெண்ணைப் பெற்றவர் போலிருக்கிறது, ‘இதெல்லாம் தேவையா, ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் யார் பொறுப்பு’ என்று கேட்டிருந்தார். கடையில் உட்கார்ந்து மாத்திரை எடுத்துக் கொடுப்பதற்கு நடுவில் இரண்டையும் படித்தேன். ஒருவர் புகழ்கிறார், ஒருவர் திட்டுகிறார், ஆனால் இரண்டு பேருக்கும் கண்ணில் பட்டது ‘பெண்’ என்ற சொல் மட்டும்தான். அந்த மலையைப் பற்றி இரண்டு பேரும் ஒரு வரி எழுதவில்லை. உங்கள் கட்டுரையும் பெரிதாக எழுதவில்லை, மன்னிக்கவும்.

நானும் அதே மலைக்கு அதே மாதிரி தனியாகப் போனவள். எனக்கு 46 வயது, போளூர் பக்கம் பிறந்து வளர்ந்தவள், இப்போது வேலூரில் மருந்துக் கடை நடத்துகிறேன். இரண்டு வருடத்துக்கு முன் டிசம்பர் முதல் வாரம் போனேன். அங்கே அப்போது கோடைக்காலம், ராத்திரி ஏழரை மணிக்கும் வெளிச்சம் இருக்கும். நான் செய்த தப்புகளை வரிசையாகச் சொல்கிறேன், அதில் எது பெண் என்பதால் வந்தது என்று நீங்களே பாருங்கள்.

மேசை மலை பெயருக்கு ஏற்ற மாதிரி மேலே தட்டையாக, ஊருக்குப் பின்னால் சுவர் வைத்தது போல நிற்கும். உயரம் ஆயிரத்து எண்பது மீட்டருக்குச் சற்று மேல். நம் ஊர் மலைகளோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை, ஏற்காடுகூட அதைவிட உயரம். ஆனால் ஏற்காட்டுக்குப் பஸ் போகிறது, இது கடலோரத்திலிருந்து செங்குத்தாக எழும்புகிற மலை, கால்மணி நேரத்தில் வானிலை மாறிவிடும். 1929-லிருந்து கேபிள் கார் ஓடுகிறது, ஐந்து நிமிடத்தில் மேலே விட்டுவிடும், இப்போது இருக்கும் பெட்டி சுற்றிக்கொண்டே போவதால் எல்லாருக்கும் எல்லாப் பக்கமும் தெரியும். நடந்து ஏற விரும்புகிறவர்கள் பெரும்பாலும் பிளாட்டெக்ளிப் என்ற இடுக்கு வழியாகத்தான் ஏறுவார்கள். முழுக்கக் கல்படி, நிழல் கிடையாது, இரண்டு மூன்று மணி நேரம் முட்டி தேயும், ஆனால் வழி தவறாது. 1503-ல் சல்தானா என்ற போர்ச்சுகீசியர் ஏறியதும் அந்த வழியில்தான் என்கிறார்கள். என் திட்டமும் அதுதான். நடந்து ஏறுவது, கேபிள் காரில் இறங்குவது.

டாக்ஸிக்காரர் கேபிள் கார் நிலையத்தில் இறக்கிவிட்டார். பிளாட்டெக்ளிப் தொடங்குமிடம் அங்கிருந்து அதே ரோட்டில் இன்னும் ஒன்றரை கிலோமீட்டர். ஆனால் நிலையத்துக்குப் பின்னாலேயே இன்னொரு வழி, பலகையில் ‘இந்தியா வென்ஸ்டர்’ என்று போட்டிருந்தது. வென்ஸ்டர் என்றால் அங்கே பேசுகிற ஆப்பிரிக்கான்ஸ் பாஷையில் ஜன்னல். கீழே இருந்து பார்த்தால் பாறை நடுவே ஒரு இடைவெளி இந்தியா வரைபடம் மாதிரி தெரிவதால் அந்தப் பெயர் என்று சொல்வார்கள். அவ்வளவு தூரம் பறந்து போய், ஆப்பிரிக்காவின் அடிவாரத்தில், மலைமேல் நம் நாட்டுப் பேர். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பக்கத்திலேயே எச்சரிக்கைப் பலகையும் இருந்தது, படித்தேன், படித்துவிட்டும் போனேன். முதல் தப்பு அது. நாட்டுப்பற்று மலையேற்றத்துக்கு உதவாது.

முதல் ஒரு மணி நேரம் சுகமாகத்தான் இருந்தது. தலைக்கு மேலே கேபிள் கார் போய்வந்துகொண்டிருந்தது, உள்ளே இருந்தவர்கள் கை காட்டினார்கள், நானும் காட்டினேன். பெருச்சாளி மாதிரி ஒரு பிராணி பாறைமேல் வெயில் காய்ந்துகொண்டிருந்தது, டாஸி என்கிறார்கள், இன்று உயிரோடு இருப்பவற்றில் அதற்கு நெருங்கிய உறவு யானைதானாம், பார்த்தால் நம்பவே முடியாது. எனக்கு முன்னால் போன இரண்டு வெளிநாட்டுப் பெண்கள் வேகமாகப் போய்க் கண்ணிலிருந்து மறைந்துவிட்டார்கள். அப்புறம் வந்தது பாறைச் சுவர். பாறையில் இரும்புக் கம்பிகளை வளைத்து அடித்திருந்தார்கள், பக்கத்தில் ஒரு சங்கிலி.

எங்கள் ஊர்ப் பக்கத்துக்காரர்களுக்கு இது புரியும். பர்வதமலையில் கடப்பாறை நட்டு, சங்கிலி போட்டு, அதைப் பிடித்துக்கொண்டுதான் ஏறுவோம். பத்து வயதிலேயே அம்மாவோடு ஏறியிருக்கிறேன். அந்தத் தைரியத்தில்தான் கையை வைத்தேன். ஆனால் பர்வதமலையில் முன்னால் பத்துப் பேர், பின்னால் பத்துப் பேர், ‘அண்ணாமலையாருக்கு அரோகரா’ என்று கத்திக்கொண்டே யாராவது ஒருத்தர் காலைப் பிடித்து சரியான இடத்தில் வைத்துவிடுவார். இங்கே நான் மட்டும். நாலாவது கம்பியில் நிற்கும்போது கீழே ஊருக்குள்ளிருந்து ‘டம்’ என்று பீரங்கிச் சத்தம். ஒரு விநாடி கை விட்டுப் போயிருக்கும். சிக்னல் ஹில் என்ற குன்றிலிருந்து தினமும் பகல் பன்னிரண்டு மணிக்கு வெடிக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமையும் அரசு விடுமுறை நாளும் மட்டும் லீவு, 1806-லிருந்து இருக்கிற வழக்கமாம். கப்பல்காரர்கள் கடிகாரத்தைச் சரிபார்க்க ஆரம்பித்தது. எனக்கு இது தெரிந்திருக்கவில்லை.

அங்கேதான் ஒன்று உறைத்தது. ஏறியாகிவிட்டது, இனி இறங்க முடியாது. ஏறும்போது கை பார்க்கிறது, கண் பார்க்கிறது. இறங்கும்போது காலுக்குக் கண் கிடையாது, கீழே அடுத்த கம்பி எங்கே இருக்கிறது என்று கால் தடவித் தடவித் தேட வேண்டும். எதற்கும் திரும்பிவிடலாம் என்ற எண்ணத்தோடு நான் கிளம்பியிருந்தேன், அந்த வழியில் அந்த எண்ணத்துக்கு இடமே இல்லை. மேலே போவது ஒன்றுதான் வழி. ஒரு லிட்டர் தண்ணீரில் முக்கால் காலி. தினமும் நூறு பேருக்கு ஓ.ஆர்.எஸ். பாக்கெட் விற்கிறவள், என் பையில் ஒன்றுகூட இல்லை, வெட்கமாக இருக்கிறது சொல்ல.

அதற்குள் காற்று ஏறிவிட்டிருந்தது. அங்கே கோடையில் தென்கிழக்கிலிருந்து ஒரு காற்று அடிக்கும், ஊர்க்காரர்கள் அதை ‘கேப் டாக்டர்’ என்பார்கள், ஊரிலிருக்கும் கெட்ட காற்றையெல்லாம் துடைத்துவிடுமாம். கடல் ஈரத்தை அள்ளிக்கொண்டு வருகிற அந்தக் காற்று மலைமேல் ஏறும்போது குளிர்ந்து மேகமாகி, உச்சியை மூடி, ஊர்ப்பக்கம் வழிந்து, கொஞ்ச தூரம் இறங்கியதும் கரைந்துவிடும். வெள்ளை மேசைவிரிப்பு போட்ட மாதிரி இருக்கும். அஞ்சலட்டையில் போடுகிற படமே அதுதான், உங்கள் கட்டுரையிலும் அந்தப் படம்தான். கீழேயிருந்து பார்த்தால் படம். உள்ளே மாட்டினால் ஈரக் காற்று, எலும்பைத் துளைக்கிற குளிர், நீட்டிய கை மங்கலாகத் தெரிகிற பனிமூட்டம். நான் சுடிதாரும் ஒரு பருத்தித் துப்பட்டாவும்தான்.

உச்சிக்குக் கொஞ்சம் கீழே வரும்போது சங்கு ஊதுவது போல நீளமாக ஒரு சத்தம். சரி, பன்னிரண்டு மணிக்குப் பீரங்கி வெடிக்கிற ஊர், இதுவும் ஏதோ ஒரு வழக்கம் என்று நினைத்துக்கொண்டேன். வழக்கமெல்லாம் இல்லை. காற்று அதிகமாகிறது, கேபிள் கார் நிறுத்தப் போகிறோம், எல்லாரும் உடனே நிலையத்துக்கு வாருங்கள் என்பதற்கான ஊதல் அது. நான் போய்ச் சேரும்போது மணி ஒன்றரை தாண்டியிருந்தது, கதவு மூடியிருந்தது.

அவர்கள் செய்தது சரிதான், அந்தக் காற்றில் பெட்டி ஓட்டினால்தான் தப்பு. காலையில் கிளம்பும் முன் காற்று எத்தனை மணிக்கு ஏறும் என்று போனில் ஒரு நிமிடம் பார்த்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். நான் பார்த்தது வெயில் அடிக்குமா, மழை வருமா என்று மட்டும். நம் ஊர்ப் புத்தி.

மூடிய கதவுக்குப் பக்கத்தில் உள்ளூர்த் தம்பதி ஒன்று நின்றது, இரண்டு பேருக்கும் எழுபது இருக்கும், முட்டிக்குக் கம்பு, மழைக்கோட்டு, பிளாஸ்க்கில் டீ, எல்லாம் முறையாக. சற்றுத் தள்ளி ஒரு ஐரோப்பியப் பையன், ஆறடிக்கு மேல் உயரம், அரைக்கால் சட்டை, காலில் ரப்பர் செருப்பு. ரப்பர் செருப்பு! அவனும் கேபிள் காரில் இறங்கலாம் என்று வந்தவன். என்னைவிட அதிகம் நடுங்கிக்கொண்டிருந்தான். அந்த அம்மா எங்கள் இருவரையும் பார்த்து, ‘நாங்கள் இரண்டு பேர், நீங்கள் இரண்டு பேர், சேர்ந்தால் நாலு, சரியாகப் போயிற்று, கிளம்புங்கள்’ என்றார். எனக்குப் புரியவில்லை. இறங்கும்போது விளக்கினார். அங்கே மலையேறுகிறவர்கள் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற முதல் கணக்கு அது: நாலு பேருக்குக் குறைந்து போகாதே. ஒருத்தருக்கு அடிபட்டால் ஒருத்தர் கூட உட்கார வேண்டும், இரண்டு பேர் சேர்ந்து உதவி கூப்பிடப் போக வேண்டும். உதவி கூப்பிடப் போகிறவரும் தனியாகப் போகக் கூடாது.

அந்தக் கணக்கில் ஆண், பெண் என்ற பேச்சே இல்லை. நான் தனியாகப் போனது தப்பு. செருப்புப் போட்டுக்கொண்டு அவன் தனியாகப் போனது அதைவிடத் தப்பு. ஆனால் அவன் ஊர்ப் பத்திரிகையில் யாரும் அவனை வீரன் என்று எழுதப்போவதில்லை, இதெல்லாம் தேவையா என்று கேட்கப்போவதும் இல்லை. முட்டாள் என்று சொல்வார்கள், அவ்வளவுதான். எனக்கும் அந்த மரியாதை கிடைத்தால் போதும்.

மேகத்துக்குள் தட்டையான உச்சியில் நடந்து பிளாட்டெக்ளிப் வாயைக் கண்டுபிடித்ததே அந்தப் பெரியவர் புண்ணியத்தில்தான். இடுக்கில் கொஞ்ச தூரம் இறங்கியதும் மேகம் தலைக்கு மேல் போய்விட்டது, மறுபடி சுள்ளென்று வெயில். இரண்டரை மணி நேரம் கல்படி. முட்டி என் சொல் கேட்காமல் தானாக ஆடியது. கீழே ஓடை வந்ததும் முகம் கழுவிக்கொண்டோம். டச்சுக்காரர்கள் காலத்தில் அடிமைப் பெண்கள் ஊர்த் துணியையெல்லாம் சுமந்து வந்து அந்த ஓடையில்தான் வெளுப்பார்களாம், அந்த அம்மா சொன்னார்.

ஊருக்கு வந்தபிறகு அதைத் தேடிப் படித்தபோது ஒரு பேர் கண்ணில் பட்டது. கத்ரைன். ஊர், ‘பாலியகத்தா’. நம் பழவேற்காடுதான் அது, டச்சுக்காரர்கள் அப்படித்தான் எழுதினார்கள், அங்கே அவர்களுக்குக் கோட்டை இருந்தது. அடிமையாக பத்தாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்குப் போய்ச் சேர்ந்து, அங்கே ஒரு கொலை வழக்கில் தண்டனை பெற்று, 1657-ல் கேப் டவுனுக்கு நாடு கடத்தப்பட்டவள். அங்கே பதிவேட்டில் இருக்கிற முதல் பெண் கைதி அவள்தானாம். சோழமண்டலக் கரையிலிருந்து ஒரு பெண் அந்த மலையடிவாரத்தில் போய் இறங்கி முந்நூற்றைம்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. உங்கள் கட்டுரையாளர் அங்கே தமிழ்நாட்டுப் பெண்கள் அபூர்வம் என்று எழுதியிருந்தார், அதற்காகச் சொன்னேன்.

மறுநாள் முட்டி வீங்கிவிட்டதால் கடலோரத்தைக் காரில்தான் பார்த்தேன். சாப்மன்ஸ் பீக் ரோடு ஒன்பது கிலோமீட்டரில் 114 வளைவு, ஒரு பக்கம் குடைந்த மலை, ஒரு பக்கம் நேராகக் கடல். போல்டர்ஸ் கடற்கரையில் பென்குயின்கள், 1982-ல் இரண்டு ஜோடியாக வந்து குடியேறியவை பிறகு ஆயிரக்கணக்கில் பெருகி, இப்போது அந்த இனமே அழிவின் விளிம்பில் என்று 2024-ல் அறிவித்திருக்கிறார்கள். இதெல்லாம் உங்கள் கட்டுரையில் அழகாகவே வந்திருந்தது. வராத ஒன்று, காம்ப்ஸ் பே கடற்கரையில் வெயிலைப் பார்த்து ஏமாந்து தண்ணீரில் குதிக்கக் கூடாது என்பது. அதே தென்கிழக்குக் காற்று கடலின் மேல்தண்ணீரைக் கரையிலிருந்து தள்ளிவிடுவதால் அடியிலிருக்கும் ஐஸ் தண்ணீர் மேலே வருகிறது. நல்ல வெயில் நாளில்தான் கடல் அதிகம் குளிரும். மெரினாவில் கால் நனைத்துப் பழகியவர்களுக்கு இது தெரியாது.

மறுபக்கம் மியூசன்பெர்க் என்ற கடற்கரையில் கொடி கட்டியிருந்தார்கள். மலைமேல் ஆள் உட்கார்ந்து சுறா வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பார். பச்சைக் கொடி என்றால் தண்ணீர் தெளிவாகத் தெரிகிறது, சுறா இல்லை. கறுப்பு என்றால் தண்ணீர் தெளிவாக இல்லை, இருந்தாலும் எனக்குத் தெரியாது. சிவப்பு என்றால் உஷார். வெள்ளைக் கொடியில் சுறா படம் போட்டு ஏற்றினால் எல்லாரும் உடனே வெளியே. அந்தக் கறுப்புக் கொடி எனக்கு ரொம்பப் பிடித்தது. ‘தெரியாது’ என்பதற்கும் ஒரு கொடி வைத்திருக்கிறார்கள் பாருங்கள்.

நன்னம்பிக்கை முனையைப் பள்ளிக்கூடத்தில் படித்தபோது ஆப்பிரிக்காவின் கன்னியாகுமரி என்றே நினைத்திருந்தேன். இல்லை, கடைசித் தென்முனை அகுல்யாஸ், இன்னும் தென்கிழக்கே தள்ளி இருக்கிறது. நன்னம்பிக்கை முனைக்குப் பக்கத்திலேயே கேப் பாயிண்டில் 1860-ல் முதலில் ஏற்றிய கலங்கரை விளக்கத்துக்கு ஏறினேன், வீங்கிய முட்டியோடு. அது கடலிலிருந்து சுமார் 240 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. உயரத்தில் வைத்தால் தூரத்துக்குத் தெரியும் என்று வைத்திருக்கிறார்கள், ஆனால் பாதி நாள் மேகம் மூடிவிடும், அந்த விளக்கு கப்பல்காரர்களுக்குத் தெரியவே தெரியாது. 1911-ல் லூசித்தானியா என்ற போர்ச்சுகீசியக் கப்பல் அங்கே பாறையில் மோதியது, உலகப்போரில் மூழ்கியதே, அந்த லூசித்தானியா இல்லை, இது வேறு. அதற்குப் பிறகுதான் வேறொரு கலங்கரை விளக்கத்தை 87 மீட்டர் உயரத்தில், மேகத்துக்குக் கீழே கட்டினார்கள், 1919-ல் ஏற்றினார்கள். அதையெல்லாம் நின்று படித்துக்கொண்டிருந்தபோது ஒரு பபூன் குரங்கு வந்து என் பையிலிருந்து முறுக்குப் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டது. பலகை அதற்கும் இருந்தது.

பெண் என்பதால் பயமே வரவில்லையா என்று கேட்டால், வந்தது. மலையிலிருந்து இறங்கி ரோட்டில் டாக்ஸிக்குக் காத்திருந்தபோது ஒருவன் காசு கேட்டுப் பின்னாலேயே வந்தான், அந்தத் தம்பதி வண்டி வரும்வரை கூட நின்றார்கள். இருட்டியபிறகு நடக்கவில்லை, நகை போட்டுக்கொண்டு போகவில்லை. அந்த மலைப்பாதைகளில் வழிப்பறி நடப்பதுண்டு, ஆண்களிடமும் பறிக்கிறார்கள், போனைத்தான் முதலில் பார்க்கிறார்கள். இதை மறைத்து எழுதினால் அதுவும் தப்பு. ஆனால் அந்த நாலு கம்பியில் என்னைக் கொல்லப் பார்த்தது பாறையும் காற்றும் என் அவசரமும். அவற்றுக்கு நான் யாரென்று தெரியாது.

குரங்கணி ஞாபகம் வருகிறது. 2018 மார்ச் 11-ல் தேனி மலையில் தீயில் மாட்டியவர்களில் நிறையப் பேர் பெண்கள். என் கடைக்கு வந்தவர்கள் அந்த வாரம் முழுக்கக் கேட்டது ‘பொம்பளைப் பிள்ளைங்க எதுக்குப் போகணும்’ என்றுதான். காய்ந்த புல்லைப் பற்றி, காற்றின் திசையைப் பற்றி, எந்தப் பாதைக்கு அனுமதி இருந்தது என்பது பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

அதனால் ஆசிரியர் அவர்களே, அடுத்த முறை இப்படி ஒரு கட்டுரை வந்தால், கூடவே சின்னதாக ஒரு பெட்டி போடுங்கள். எந்த வழி, எத்தனை மணி நேரம், எத்தனை லிட்டர் தண்ணீர் (மேசை மலைக்கு இரண்டுக்குக் குறையக் கூடாது), காற்று எந்த மாதங்களில் மோசம், எத்தனை மணிக்குத் திரும்பிவிட வேண்டும், அங்கே மலை மீட்புக்கு எந்த நம்பர். கேப் டவுனுக்கு 021 937 0300. நான் இதை இறங்கியபிறகுதான் போனில் ஏற்றிக்கொண்டேன். ‘தன்னந்தனியே’, ‘சிகரம் தொட்ட’ எல்லாம் வெட்டினால் அந்தப் பெட்டிக்கு இடம் தாராளமாகக் கிடைக்கும்.

வருகிற பௌர்ணமிக்குப் பர்வதமலை போகலாம் என்று இருக்கிறோம். அக்கா வருகிறாள், கடையில் வேலை பார்க்கும் பெண் வருகிறாள், என்னோடு மூன்று. நாலாவது ஆளுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன், இன்னும் யாரும் அமையவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகி, வேலூர்.